அந்த மவுஸ்தான் வேண்டுமாம்

ஜூன் 3
இன்றும் அப்பா கேட்டார். "மெஷின் ஓடுதாடா?" ஓடுதுப்பா, மவுஸ்தான் வேலை செய்யலை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 4
அவருடைய பழைய கம்ப்யூட்டர், 486, எழுந்துவிட்டது. டாஸ் 6.22, வரைபடம் போடும் ஆட்டோகேட் 12, அவர் போட்ட வீட்டு பிளான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, மவுஸை இயக்கும் புரோகிராம், அந்த டிரைவர், இருந்த இடத்தில் மட்டும் டிஸ்க் படிக்க மறுக்கிறது. மவுஸோடு வந்த ஃப்ளாப்பியின் ஷட்டரை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. அதைப் போட்டால் டிரைவின் ஹெட்டும் கெடும், போடவில்லை. லேப்டாப்பில் பிளான்களைத் திறந்து காட்டட்டுமா என்றேன். அவருக்குப் பார்க்க வேண்டாம். போட வேண்டும்.

ஜூன் 7
லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வந்தது. க்யூட்மவுஸ் என்ற டாஸ் மவுஸ் டிரைவரை வேறு ஃப்ளாப்பியில் எழுதி 486இல் ஏற்றினேன், இலவசம், மெமரியில் நாலு கேபிகூட எடுக்காது. "டிவைஸ் நாட் ஃபவுண்ட்."

ஜூன் 8
இல்லை.

ஜூன் 9
மவுஸின் அடியில் எம்எஸ், பிசி என்று ஒரு சின்ன சுவிட்ச், மவுஸ் பேசும் இரண்டு விதங்கள். எம்எஸ் பக்கம் தள்ளினால் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும், பிசி பக்கம் ஐந்து, இரண்டையும் இந்த டிரைவர் புரிந்துகொள்ளும், இரண்டிலும் பதில் இல்லை. எம்எஸ் பக்கத்தில் ஆர்டிஎஸ் என்ற சிக்னல் கம்பியின் வோல்டேஜை டிரைவர் உயர்த்தினால் மவுஸ் 'எம்' என்று ஒரே ஓர் எழுத்து அனுப்ப வேண்டும். அந்த ஓர் எழுத்துக்காக இரவு ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். மவுஸ் செத்துவிட்டதா, அதைச் செருகும் சீரியல் போர்ட் செத்துவிட்டதா? வேறு மவுஸ் வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் நடு பட்டன் தேய்ந்து குழிந்திருக்கிறது, அது அவர் விரல்.

பிசியோதெரபிஸ்ட் ஸ்பூனைப் பிடிக்கச் சொன்னார். அப்பா பிடித்தார். வாய்க்குப் போகுமுன் விழுந்தது.

ஜூன் 12
ஆஸ்பத்திரி. நாள் முழுக்க.

ஜூன் 14
கண்டுபிடித்தேன்! டிரைவரில் தப்பே இல்லை. சீரியல் போர்ட்டில் 5ஆம் பின் கிரவுண்ட், மீட்டரின் ஒரு முனையைக் கேபினட்டில் வைத்து மறு முனையை அதில் வைத்தால் பீப் வர வேண்டும். வரவில்லை. 3இல் வைத்தேன், பீப். போர்ட்டை இயக்கும் கார்டிலிருந்து பின்பக்கம் வரும் பத்துப் பின் ரிப்பன் கேபிளில் இரண்டு விதமான வயரிங் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என்றோ கார்டை மாற்றியவர் பழைய கேபிளையே செருகிவிட்டுப் போயிருக்கிறார், சிக்னல்கள் தப்பான பின்களுக்குப் போகின்றன. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 15
கேபிளின் கம்பிகளை வெட்டி இடம் மாற்றிப் பற்றவைத்தேன். டிரைவர் ஏறியது. அம்பு மேலும் கீழும் போகிறது, பக்கவாட்டில் போகவில்லை. மவுஸின் அடியில் உருளும் பந்தைக் கழற்றினால் ஒரு ரோலரில் அழுக்கு மோதிரம்போல் இறுகியிருக்கிறது, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். இப்போது நாலு பக்கமும் போகிறது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தூங்குகிறார்.

ஜூன் 16
சொன்னேன். "டேபிள் ஹைட் என்ன?" என்று மட்டும் கேட்டார். அளந்தேன். வீல்சேரின் கை டேபிளில் இடிக்கிறது. காலையில் ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.