இருபது வினாடி சும்மா நில்லுங்க மாமா

நேற்று இரவு சிங்கப்பூர் ஜூ சியட்டில் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டைப் பாதியில் போட்டுவிட்டுக் கார் சாவியோடு ஓடியதற்கு நான் காரணமில்லை. மாமனாரின் சட்டைதான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கதை வேறு மாதிரி பரவிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் மோரிஸ் மைனர் என்ற அந்தப் பழைய காரால் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூன் செங் சாலைப் பக்கம், பூப்போட்ட ஓடு பதித்த பழைய கடைவீடுகளுக்கு முன்னால், பாண்டான் கேக் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் பையைத் திறந்து, கேமராவை எடுத்து, லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. அடுத்த சனிக்கிழமை போனேன், இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு வாசனைத் திரவியம் அடிக்காமல் வெளியே போகிறேனா என்று மட்டும் வாசலில் நின்று பார்த்தாள்.

நான் ஏன் பழைய காராகத் தேடித் தேடிப் படமெடுக்கிறேன் என்று பலரும் கேட்கிறார்கள். புதுக் கார் வாங்க வக்கில்லை, அதுதான் உண்மை. 1990இல் சிஓஇ என்ற கார் உரிமைச் சீட்டு வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன்; வேலைக்குப் போனதும் கார் வாங்குவேன் என்று நண்பர்களிடம் சவால் விட்டிருந்தேன். 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சிஓஇ 1,50,000 வெள்ளியை எட்டியது. அது காரின் விலை இல்லை. பத்து வருடம் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற தாளின் விலை. அன்றைக்கு இரவே ஒரு லென்ஸ் வாங்கினேன். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்ததாக வீட்டில் கணக்குக் காட்டினேன். எடுபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாமாவும் வருகிறேன் என்றார்.

மாமா அந்தக் காலத்தில் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பிற்பாடு பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மோரிஸ் என்று காதில் விழுந்ததும் தமிழ்ச் செய்தியைக்கூடப் பாதியில் அணைத்துவிட்டு எழுந்துவிட்டார். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான், டிரைபாட் தூக்க ஆள் கிடைத்தது. உள்ளே போய் வந்தவர், டிப்போ காலத்து ஒளிரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எலுமிச்சைப் பச்சை. நெஞ்சிலும் முதுகிலும் பளபளவென்று இரண்டு வெள்ளிப் பட்டை.

"மாமா, இது எதுக்கு?"

"ராத்திரி ரோட்டோரம் நிக்கப்போறோம் மாப்பிள்ளை. எவனாவது வந்து இடிச்சா உங்க கேமராவுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. எனக்கு?"

இதற்கு மேல் என்ன பேசுவது.

போய் இறங்கினால், அதிசயம், கார் நிற்கிறது. அதே பச்சை. பார்க்கிங் கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றி, காப்பிக்கடை வாசல் நெடுக, இரட்டை மஞ்சள் கோட்டின் மேல் வரிசையாக நவீனக் கார்கள். ஒற்றை மஞ்சள் கோடு என்றால் இரவு ஏழு மணிக்கு மேல் நிறுத்தலாம். இரட்டை மஞ்சளில் எந்த நேரமும் கூடாது. தெரியாதவர் யாரும் இந்த ஊரில் இல்லை. ஆனாலும் 'அஞ்சு நிமிஷம்தான்' என்றொரு தனிச் சட்டம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. பழைய கார், பழைய கடைவீடு என்று ஒரு சட்டகம் அமைத்தால் நடுவில் ஒரு மின்சாரக் கார் மூக்கை நீட்டுகிறது. அலுத்துப்போய் டிரைபாடை விரித்தேன். வரிசையைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினேன். பக்கத்தில் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒளிரும் சட்டையோடு, நம்பர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தாலும் நாலு எண்ணையும் கூட்டிப் பார்ப்பார்.

காப்பிக்கடைக்குள்ளிருந்து யாரோ ஒருவர் ஒரே ஒரு சொல் சொன்னார். "சமன்!"

அபராதச் சீட்டு எழுத ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். அவ்வளவுதான். நாற்காலிகள் சரசரவென்று இழுபட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒருவர் பராட்டாவை வாயில் கவ்விக்கொண்டே ஓடினார். ஒரு பெண் தபாவ் (பார்சல்) பையில் மீ சூப் தளும்பத் தளும்ப வந்து, அதைக் கார்க் கூரை மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். அப்படியே ஓட்டிப் போய்விடுவாரோ என்று எனக்குத்தான் பதற்றம். இன்னொருவர் என் பக்கம் வந்து, "சாரி பாஸ், அஞ்சு நிமிஷம்தான் பாஸ்" என்றார். நான் வாயைத் திறந்து, அய்யா நான் வெறும் போட்டோ எடுப்பவன் என்று சொல்லப்போனேன். அதற்குள் மாமா சாலையில் இறங்கி, "ரிவர்ஸ்... ரிவர்ஸ்... ஒடி, ஒடி... ஓகே, போ!" என்று ஒவ்வொரு காராக வெளியேற்ற ஆரம்பித்துவிட்டார். அதிகாரி என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கையை மட்டும்தான் ஆட்டினார். இது எந்தச் சட்டப் பிரிவில் வரும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டே நிமிடம். தெரு துடைத்து வைத்தது போல் ஆனது. மோரிஸும், கடைவீடும், தெருவிளக்கும் மட்டும். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சட்டகம் எனக்குக் கிடைத்ததில்லை.

குளுகுளு பஸ்ஸிலிருந்து இறங்கிய லென்ஸில் அப்போதுதான் பார்த்தால் ஆவி படிந்திருக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது தானாக விலகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பொறுமையாக இருக்கலாம் என்றேன். மாமா பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். அந்தத் துண்டில்தான் அவர் தினமும் கோடாலித் தைலம் தடவிய நெற்றியைத் துடைப்பது. முதல் படத்தில் தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் சாமி படத்தில் வருவது போல ஒளிவட்டம். கேமராப் பை இப்போதும் சளிக்கு நல்லது.

லென்ஸைச் சுத்தம் செய்துகொண்டே அவரை ஓரிடத்தில் உட்காரவைக்க ஒரு கதை சொன்னேன். 1838இல் பாரிஸில் தாகேர் என்பவர் ஒரு பெரிய தெருவைப் படமெடுத்தார். பிளேட்டில் ஒளி பதியப் பல நிமிடம் ஆகும் காலம். வண்டி, குதிரை, ஜனம் எல்லாம் நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒன்றுமே பதியவில்லை; தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மூலையில் நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். "அதனால மாமா, நான் இருபது வினாடி ஷட்டரைத் திறந்து வைப்பேன். ஒண்ணு, ஒதுங்கி நில்லுங்க. இல்லை, அசையாம நில்லுங்க."

மாமா யோசித்தார். "பாலிஷ் போட்டவன் கை ஆடியிருக்குமே? அவன் ஒழுங்கா விழுந்திருக்கமாட்டான். காலை நீட்டுனவன்தான் விழுந்திருப்பான்."

உண்மைதான். அந்தப் படத்தில் பாலிஷ் போட்டவர் கலங்கலாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் அது இத்தனை நாள் உறைக்கவில்லை.

ஆனால் புரிந்துகொண்டவர் நின்றாரா? கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இருபது வினாடி என்று வைத்தேன். ஷட்டரைத் திறந்ததும் மாமா சட்டகத்துக்குள் நடந்து போய் டயரை எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து, "விழுந்தேனா?" என்பார். அவர் விழவில்லை. நடக்கிற ஆள் மறைந்துவிட்டார், ஆனால் எதிரே வந்த கார் வெளிச்சம் பட்ட அந்த வெள்ளிப் பட்டைகள் மட்டும் அலை அலையாகப் பதிந்துவிட்டன. ஆளில்லாமல் ஒரு சட்டை மோரிஸைச் சுற்றி வலம் வருகிறது. இரண்டாவது படத்திலிருந்து ஏழாவது வரை இதே கூத்து. ஒன்றில் சட்டை குனிந்து சைலன்சரைப் பார்க்கிறது.

அந்த நேரத்தில்தான் காரின் சொந்தக்காரர் வந்தார். எழுபது தாண்டிய சீன அங்கிள், பனியன், கையில் பாதிக் கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத கோப்பி. அவர் ஒழுங்காகக் கட்டத்துக்குள் நிறுத்தியவர். இருந்தாலும் பார்க்கிங் செயலியில் நேரம் முடிந்துவிட்டதோ என்று பயந்து வந்திருக்கிறார். மாமா பசார் மலாயில் ஆரம்பித்தார். "புக்கான் சமன் லா அப்பேக், காம்பார் சஜா!" சமன் இல்லை பெரியவரே, படம் மட்டும்தான் என்று அர்த்தம். அங்கிள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வண்டி 1959ஆம் வருடத்தது. இண்டிகேட்டர் விளக்குக்குப் பதில் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீட்டும், அந்த வகை. மாமா அதைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கிள் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் திருப்பினார். இடது கை டக்கென்று எழுந்தது, விரல் நீளத்துக்கு, உள்ளே ஆரஞ்சு விளக்கோடு. வலது கை எழவில்லை. அங்கிள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் தூணில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். எழுந்தது. மாமா கைதட்டினார். அப்புறம் பானெட்டின் நடுவில் நெடுக ஓடும் அந்தத் தட்டைப் பட்டையைத் தடவிக் காட்டி, இதை வடிவமைத்த இசிகோனிஸ் வண்டி ஒல்லியாக இருக்கிறது என்று மாதிரியை நடுவில் வெட்டி நாலு அங்குலம் விலக்கி வைத்த கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். அதே கதையை அதே நேரத்தில் அங்கிளும் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மொழியில், இரண்டு காதிலும். அதே ஆள்தான் பிறகு மினியைச் செய்தவர் என்பதையும் இருவரும் ஒன்றாகவே முடித்தார்கள்.

கிளாசிக் வண்டித் திட்டத்தில் இருப்பதால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாமாம். அங்கிள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைக்கிறார். நேற்று முப்பத்தோராவது வட்டம். மாமா இதைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "வருஷத்துக்கு நாப்பத்தஞ்சு நாளா? எங்க சம்பந்தி அதைவிட அதிகமா நம்ம வீட்டுக்கு வர்றாரே மாப்பிள்ளை." சம்பந்தி என்றால் என் அப்பா. இதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அங்கிள் எஞ்சினைக் கிளப்பிக் காட்டினார். தையல் மெஷினும் கனைக்கிற கிழவரும் சேர்ந்தது போல ஒரு சத்தம். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கார்ப்ரேட்டர் பற்றி ஏதோ சொன்னார், அங்கிள் மறுத்தார், மாமா மறுபடி சொன்னார், அங்கிள் யோசித்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மிச்சக் கோப்பியை முடிக்க உள்ளே போனார். நான் கடுப்பில் இருந்தேன். மணி பதினொன்றரை. கடைசி பஸ் போய்விடும். விழுந்தவரை லாபம் என்று எட்டாவது தடவை ஷட்டரை அழுத்திவிட்டு, படத்தைக்கூடப் பார்க்காமல் டிரைபாடை மடக்கினேன். பஸ் அப்படியும் போய்விட்டது. டாக்சிக்குக் கொடுத்தது இருபத்திரண்டு வெள்ளி. வழியெல்லாம் மாமா ஓட்டுநரிடம் கார்ப்ரேட்டர் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அது மின்சாரக் கார்.

இன்று காலை படங்களைக் கணினியில் போட்டோம். பெரியவள் ஆவிச் சட்டைப் படங்களைப் பார்த்துத் தரையில் உருண்டாள். போனிலேயே நைட் மோட் இருக்கிறதே அப்பா, மூன்றே செகண்ட்தானே என்று வழக்கம்போல் குத்திக்காட்டினாள். அப்புறம் எட்டாவது படம் வந்தது.

மாமா விழுந்திருக்கிறார். முழுசாக. பச்சைச் சட்டை, வெள்ளிப் பட்டை, கலைந்த முடி எல்லாம் அப்படியே. மூடிய பானெட்டின் மேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அணைத்த எஞ்சின் ஆறும்போது உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். நேற்று எனக்கும் லேசாகக் கேட்டது. டிரைபாட் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. திருமண மண்டபத்தில் தாலி கட்டும்போதுகூட ஓரிடத்தில் நிற்காதவர், இருபது வினாடி.

வீட்டம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பா ஏன் கண்ணை மூடியிருக்காரு?" என்றாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் கொஞ்சம் மசமசவென்றுதான் இருந்தது, ஆனால் கண் மூடியிருப்பது தெரிந்தது. கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தூக்கம் வந்துடுச்சு மாப்பிள்ளை," என்றார். "வயிறு தெரியுது பாருங்க, அதை வெட்டிடுங்க."

வயிற்றை வெட்டினால் கையும் போய்விடும் என்றேன். அப்ப வேணாம் என்று சொல்லிவிட்டு நாளிதழுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அங்கிளின் முப்பத்திரண்டாவது வட்டமாம். இரண்டு பேரும் தொலைபேசி எண் மாற்றிக்கொண்டது எனக்கு இப்போதுதான் தெரியும். கார்ப்ரேட்டரைத் திறக்கப் போகிறார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "கேமராவெல்லாம் வேணாம், அந்த டிரைபாட் கனம்" என்கிறார். ஒளிரும் சட்டை துவைத்தாயிற்று. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்கிறது. கீழே வண்டி நிறுத்தமிடத்தில் யாரோ ஒருவர் காரில் ஏறாமல், அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.