வாடகை வீட்டு கதவுல பேங்க் நோட்டீஸ், மூணு மாச அலைச்சல்

நேத்துதான் வேற வீட்டுக்கு மாறி முடிச்சோம். இன்னும் ஆத்திரம் அடங்கல, ஆனா யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

வேலை முடிஞ்சு வந்தா கதவுல சர்ஃபேசி சட்டப்படி (கட்டாத கடனுக்கு அடமான சொத்தை பேங்க் எடுத்துக்க விடற சட்டம்) பொசஷன் நோட்டீஸ், அதாவது வீட்டை எடுத்துக்கறோம்னு அறிவிப்பு. ஓனர் லோன் கட்டலயாம், போன் சுவிட்ச் ஆஃப், அட்வான்ஸ் 1 லட்சம் அவர்கிட்ட. வயித்துல புளிய கரைச்சுது.

லீவு போட்டு லோன் கொடுத்த பிராஞ்சுக்கு ஓடினா, அங்க இருந்தவர் நோட்டீஸை கையில கூட வாங்கல, "நீங்க லோன் வாங்கினவர் இல்ல, எதுவும் சொல்ல முடியாது"ன்னுட்டார், மறுநாளும் அதே பதில். ரெண்டு நாள் வீணா போனப்புறம்தான் பாக்கறேன், இந்த நடவடிக்கையை கவனிக்கற ஆதரைஸ்டு ஆபீசர் பேரும் விலாசமும் நோட்டீஸ் அடியிலயே இருக்கு, அவர் உக்கார்றது வேற ஆபீஸ்ல! முதல்ல அதை முழுசா படிங்க, போட்டோ எடுத்து வைங்க.

போய் பாத்தப்போ அந்த ஆபீசர் கேட்டது வாடகை அக்ரிமெண்ட். என்கிட்ட இருந்தது 11 மாச அக்ரிமெண்ட், பதிவு பண்ணல, அதுவும் முடிஞ்சு ரினியூ பண்ணாம விட்டது. பதிவுத்துறை சைட்ல ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாத்தா நாங்க குடி வர்றதுக்கு முன்னாடியே வீடு அடமானத்துல இருக்கு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை பாத்திருக்கலாமேன்னு நினைச்சா இப்பவும் மனசு கேக்கல. அடமானத்துக்கு முன்னாடியே பதிவு பண்ண குத்தகை இருந்தா நம்ம கை பலமா இருக்கும், சர்ஃபேசி சட்டத்தோட 2016 திருத்தத்துக்கு அப்புறம் வாடகைதாரரும் 17(4ஏ) பிரிவுல டிஆர்டிக்கு (கடன் வசூல் தீர்ப்பாயம்) போகலாம், ஆனா அதுக்கான 45 நாள் கெடு ஓடிட்டே இருக்கும்னு வக்கீல் சொன்னார். எங்க பேப்பருக்கு அது நிக்காது, டைம் கேளுங்கன்னார்.

வாடகையை மட்டும் நிறுத்தாதீங்க. ஓனருக்கா பேங்குக்கான்னு வாய்வார்த்தையில கேட்டுட்டு பணம் கட்டாம, எழுத்துல கேளுங்க. நான் கேட்டு லெட்டர் வாங்கி, லோன் அக்கவுண்ட்லயே கட்டினேன், ரசீது எல்லாம் ஃபைல்ல இருக்கு.

அப்போ நடந்தது சிம்பாலிக் பொசஷன்தான், பேப்பர்ல எடுத்துக்கறது. ஆளை வெளிய அனுப்பணும்னா அதே சட்டத்தோட 14-வது பிரிவுல மாஜிஸ்திரேட் ஆர்டர் வாங்கணும். வசூலுக்கு வந்த ஒருத்தர் "நாளைக்கே பூட்டிடுவோம்"னு மிரட்டினப்போ ஆர்டர் காப்பி காட்டுங்கன்னேன், பேசாம போயிட்டார். பசங்களுக்கு பரீட்சைன்னு ஆபீசருக்கு மனு கொடுத்து, சீல் போட்ட காப்பி வாங்கி, ரெண்டு மாசம் டைம் எழுத்துலயே கிடைச்சுது.

அட்வான்ஸை பேங்க் தரமாட்டேன்னுட்டாங்க, அது ஓனர் வாங்கின பணமாம். அவருக்கு வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல போட்டேன், அவர் கையெழுத்து போட்டு வாங்கினதுக்கு அத்தாட்சி போன வாரம் வந்திருக்கு.