ஒரு வாய் தே

பக்கவாதம் வந்தவருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்றால் குடும்பத்தார் லேசில் நம்புவதில்லை. தண்ணீரோ, தே எனும் தேநீரோ, நாக்கைத் தாண்டியதும் ஒரே ஓட்டம். தளர்ந்த தசைகள் மூச்சுக்குழாயை மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். உணர்ச்சி உள்ள தொண்டை இருமித் தள்ளும். உணர்ச்சி மங்கிய தொண்டை இருமவே இருமாது. குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, பிறகு வரும் காய்ச்சல், இவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவரின் மகளிடம், தாதியாக (நர்ஸாக) இதைத்தான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பாவுக்கு 87 வயசு மிஸ்ஸி. அவரு கேக்குறது ஒரு வாய் தே."

"இப்ப வேணாம்மா. கெட்டியாக்கித் தரேன்."

படுக்கைக்கு மேலே, விழுங்குவதையும் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் மாட்டிய அட்டையில் இருந்தது இரண்டாம் நிலை. உணவு, பானத்தின் கெட்டித்தன்மைக்கு 0 முதல் 7 வரை போகும் அளவீட்டில் 0 என்பது சாதாரணத் தண்ணீர். இரண்டாம் நிலை என்றால், 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 நொடி ஒழுகவிட்டபின் 4 முதல் 8 மில்லி வரை உள்ளே நிற்க வேண்டும். வார்டில் கெடுவது இங்கேதான். பால் கலந்த தே, தண்ணீரைவிட மெதுவாகக் கெட்டிப்படும். பொறுக்காமல் கெட்டியாக்கும் பொடியை இன்னொரு கரண்டி போட்டால் சற்று நேரத்தில் கூழாகி நிற்கும். மாவுச்சத்துப் பொடியானால், எச்சில் பட்ட கரண்டி கோப்பைக்குள் போனால் விரைவில் நீர்த்துவிடும். சாந்தன் பசைப் பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாயில் உருகித் தண்ணீராகும். வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் ரசஞ்சோறு இன்னும் மோசம், பருக்கை ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம்.

எவ்வளவு சரியாகக் கலந்தாலும் அது தே ஆகாது. நாக்கில் ஒட்டும், தாகம் அடங்காது. அதனாலேயே பலர் குடிப்பதைக் குறைத்து உடம்பில் நீர் வற்றிப்போகிறார்கள். நுரையீரலைக் காக்கப்போய் சிறுநீரகத்தை வருத்துகிறோம். பெரியவர் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பக்கவாதத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் விழுங்கும் திறன் பலருக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் நிமோனியா வந்தால் திரும்பக்கூடியதும் போய்விடலாம். அட்டையை மீறித் தே கொடுக்கும் உரிமை எந்தத் தாதிக்கும் கிடையாது. மகள் சொன்னதைப் பதிவில் எழுதினேன், டாக்டரிடமும் சொன்னேன்.

பிறகு குடும்பத்தோடு பேசினார்கள். விழுங்குவது தேறவில்லை, உணவு செலுத்தும் மூக்குக்குழாயை அவர் இரண்டு தடவை பிடுங்கியிருந்தார். பின்னால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்பதை முன்பே எழுதி வைக்கும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் சிங்கப்பூரில் 2011 முதல் இருக்கிறது. ஆனால் இவர் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் மகளையே பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் மட்டும் பெரியவரிடம் திரும்பிக் கேட்டார். தெரிந்தே ஏற்கும் ஆபத்தோடு, அவர் மனம் நிறைய வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று உத்தரவு மாறியது.

அதற்கும் முறை உண்டு. முதலில் பல்லும் நாக்கும் அண்ணமும் துலக்க வேண்டும். நுரையீரலைக் கெடுப்பதில் தேயைவிட அதனோடு இறங்கும் வாய்க் கிருமிக்குப் பங்கு அதிகம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு தேக்கரண்டி. தொண்டை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. குரல் ஈரமானாலோ மூச்சு வேகமெடுத்தாலோ நிறுத்த வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது.

அதே தொண்டை, அதே தே, கொடுத்ததும் அதே நான். மாறியது பதிவில் ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை பேருடைய யோசனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். ஆனால் அவருடைய விருப்பம் முதல் நாளும் இதுதானே? சுயமாக முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று ஒரு தாதி தனியாகத் தீர்மானிக்க முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன். மனம் பாதிதான் ஒப்புகிறது.

இவருக்குக் கேட்க மகள் இருந்தார். யாரும் வராத படுக்கைகளில் அட்டை மாட்டியபடியே இருக்கிறது. நிலை எண்ணுக்கு அதில் கட்டம் உண்டு. எதைக் குடிக்க ஆசைப்படுகிறார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஷிப்டு மாறும்போது வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அடுத்தடுத்த ஷிப்டுக்கு அது போய்ச் சேர்கிறதா என்பது அன்றைக்கு வார்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.