முதல் வரியில் எதைப் போடுவது?

பெறுபேறு வந்த அன்று இரவு, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் படிக்கட்டில் என்னை மறித்த மேல்மாடி அன்ரியின் முதல் கேள்வி, "என்ன பிள்ளை, கொழும்போ யாழ்ப்பாணமோ?" வாழ்த்து அதற்குப் பிறகுதான் வந்தது.

2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை எங்களுக்கு 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. ஓகஸ்ட் கடைசியில் பெறுபேறு. பெற்றோல் வரிசை, கியூஆர் கோட், மின்வெட்டு என்று நாடு கிடந்த கிடையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த மூன்று பாடத்துக்கும் ஏ வந்திருந்தது. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் பார்த்துவிட்டு ரியூசன் சேர் சொன்னார், "மெடிசின் நிச்சயம். இனி எங்க எண்டதுதான்."

அந்த 'இனி எங்க' எனக்கு ஒரு மாதத் தூக்கத்தைக் கெடுத்தது.

வெளிநாட்டில் படிக்கப் போன என் மச்சாளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, ஒரு கிழமை யோசித்து, ஒன்றுக்கு ஓம் என்றாள். இங்கே அந்தச் சொகுசு கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு யூனி கோட். கடைசியில் வருவது ஒரேயொரு தெரிவு. ஆகவே கையில் கடிதம் இல்லாமலேயே, வரப்போகும் கடிதத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். இது விளங்காமல் மேலே கொழும்பைப் போட்டுவிட்டு, 'பிறகு பாப்பம்' என்று இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். பிறகு பார்க்க எதுவும் இருக்கவில்லை.

மருத்துவத்துக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டக் கோட்டாவில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கில் சலுகை எதுவும் இல்லை. ஆனால் என் புள்ளி இருந்த இடத்தில் எதை முதலில் போட்டாலும் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல செய்திதான். கிடைக்காது என்றால் யோசிக்கவே தேவையில்லையே!

பேராதனையும் ஒரு கணம் மனதில் வந்து போனது. 1962இல் தொடங்கிய பீடம், மகாவலிக்கரை, மலைக்காற்று. அங்கே படித்தவர்கள் அந்த வளாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். ஆனால் அங்கே போக எனக்கு அழகைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்றாவது வரிக்குத் தள்ளிவிட்டேன்.

மிச்சம் இரண்டு. வீட்டில் அது ஒரு சின்னப் போர்.

பெரியப்பாவுக்குக் கொழும்பு. "1870இல தொடங்கின இடம். கின்சி ரோட்டில இறங்கினா இந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி, அங்கால குழந்தைகளுக்கு லேடி றிட்ஜ்வே, பிள்ளைப்பேற்றுக்கு டி சொய்சா. நாட்டில இருக்கிற எல்லா வருத்தமும் உங்கதான் வந்து சேரும். வேற என்ன வேணும்?" அம்மாவின் தம்பி, மானிப்பாய்க்காரியைக் கலியாணம் செய்தவர், விட்டுக்கொடுக்கவில்லை. "உங்கட 1870க்கு இருவது வருசத்துக்கு முன்னமே எங்கட மானிப்பாயில கிறீன் துரை மருத்துவம் படிப்பிச்சவர், அத்தான். பிறகு தமிழிலயே படிப்பிச்சவர்." அது உண்மைதான். 1848 அளவில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே தொடங்கிய வகுப்பு அது. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. கிறீன் வைத்தியரை வைத்து என் படிவத்தை நிரப்ப முடியாது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரவுச் சாப்பாடு ஆறியிருக்கும்.

அம்மாவின் காரணம் ஒரே சொல்: அம்மம்மா. கொக்குவிலில் தனியாக இருக்கிறா. மருத்துவ பீடம் அங்கிருந்து சைக்கிள் தூரம். எனக்கும் விடுதி தேவையில்லை, அவவுக்கும் துணை.

அப்பா எதுவும் சொல்லாமல் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்த வருட விலைவாசியில் யார் வீட்டிலும் கணக்குப் போடாமல் பேச்சு முடியாது. ஆனால் கொழும்பென்றால் எங்கள் வீடு, யாழ்ப்பாணமென்றால் அம்மம்மா வீடு. பஸ் காசையும் இரவு பஸ் ரிக்கற்றையும் கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காசுக்காக முடிவெடுக்காத பிள்ளை" என்றார். உதவியாக இருந்திருக்கும், காசாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்.

படிப்பை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டிலும் ஐந்து வருடம், இரண்டிலும் ஆங்கிலம். முடிந்ததும் எல்லாப் பீடத்தாரையும் ஒரே பட்டியலில் புள்ளி வரிசைப்படுத்தி உள்ளகப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதன் பிறகு சுகாதார அமைச்சு அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் பேச்சு, எந்த வாசலால் வந்தோம் என்பதல்ல. ராகிங் பற்றியும் விசாரித்தேன். 1998இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் எந்தப் பீடமானாலும், போன வருடம் போனவர்களிடம் நேரே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பீடத்தின் கட்டடத்தை அல்ல. அதை வாசலில் நின்று பார்த்து என்ன செய்வது? வார்ட்டை.

முதலில் யாழ்ப்பாணம். காலி வீதியில் இரவு பஸ் ஏறி விடிய இறங்கினோம். அம்மம்மாவுக்கு அன்று பிரஷர் கிளினிக். கொப்பியையும் மருந்துச் சரையையும் பையில் போட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாங்கில் மூன்று மணித்தியாலம். சுற்றிவரத் தமிழ். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கொழும்பில் வளர்ந்த தமிழருக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டை நீட்டுமுன் மனதுக்குள் ஒரு வசனத்தைச் சிங்களத்தில் ஒத்திகை பார்க்கத் தேவையில்லை.

அப்போது பக்கத்தில் இருந்த ஐயா என்னிடம் கதைத்தார். நான் டொக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அம்மம்மா ஊருக்கே சொல்லிவிட்டிருந்தா. "பிள்ளை, பகலில கால் உளையுது. இரவில குறண்டி இழுக்குது. விடிய எழும்பினா ஓங்காளம்." நான் தலையை ஆட்டினேன். உளைவுக்கும் நோவுக்கும் என்ன வித்தியாசம்? குறண்டுவது தசையா நரம்பா? ஓங்காளம் என்றால் சத்தியா, சத்தி வரும்போல இருப்பதா? எனக்குத் தெரியாது. உயர்தரத்தில் தமிழில் படித்தவள் நான். இழைமணி தெரியும், சிறுநீரகத்தி தெரியும். ஓங்காளம் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் அம்மம்மாவிடம் கேட்டேன். "ஐயோ, சத்தி எடுக்க வாறமாதிரி வரும், வராதெல்லோ, அது" என்று ஓட்டோவுக்குள் இருந்து நடித்துக் காட்டினா. சாரதி திரும்பிப் பார்த்தார்.

அடுத்த கிழமை கொழும்பு. அப்பாவுடன் வேலை செய்யும் ஒருவரைத் தேசிய வைத்தியசாலையில் அனுமதித்திருந்தார்கள். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குச் சாப்பாட்டுப் பார்சலுடன் போனோம். அப்பா அவருடன் கதைத்துக்கொண்டிருக்க, அடுத்த கட்டிலில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் தாதிப் பயிற்சி மாணவி என்று நினைத்திருக்க வேண்டும். நிறையச் சொன்னார். 'பபுவே அமாருவ' என்பது பிடிபட்டது, நெஞ்சில் ஏதோ கஷ்டம். 'ஹதிய' என்றார், இளைப்பு. நடுவில் ஒரு நீண்ட கதை, அதில் ஒரு மகன் வந்தான், ஒரு மழை பெய்தது. மிச்சம் போய்விட்டது. நான் "ஹரி, ஹரி" என்றேன், சரி சரி என்று. அவர் சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த 'ஹரி' இன்றைக்கும் எனக்குக் கூச்சம் தருவது.

சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு எனக்கு ஏ. அந்த ஏயை யாரும் நம்ப வேண்டாம். என்னுடையது ஓட்டோச் சிங்களம்: கீயத, வமட்ட, தகுணட்ட, மெதன நவத்தன்ன. இடம் வலம் சொல்லி இறங்கலாம். நோயாளி எப்போதிலிருந்து, எங்கே, எப்படி என்று சொல்வதைக் கேட்டு எழுத முடியாது.

இதையெல்லாம் எங்கள் பாடசாலை அக்கா ஒருவரிடம் போனில் கொட்டினேன். யாழ்ப்பாணத்தில் படித்து, அப்போது தெற்கில் ஒரு வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சியில் இருந்தவர். படிப்பு எப்படி என்று நான் கேட்க, நல்லாயிருந்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, தன்னுடைய முதல் இரவுக் கடமையைப் பற்றித்தான் சொன்னார். விடிய இரண்டு மணிக்கு ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சொன்னதில் பாதி விளங்கவில்லை. தாதி வந்து சொல்லும்வரை நின்றாராம். "மூண்டாம் வருசத்தில தடுமாறினா பக்கத்தில நிக்கிற பட்ச்மேட் திருத்துவாள். இன்டேர்னில தடுமாறினா ஆர் திருத்துறது? நீ எங்க படிச்சாலும் அவங்கள் உன்னை எங்க போடுவாங்கள் எண்டு உனக்குத் தெரியாது."

எனக்கு அதோடு முடிந்துவிட்டது. தமிழில் நான் தடுமாறினாலும் அம்மம்மாவைக் கேட்கலாம், பிடித்துக்கொள்வேன். சிங்களத்தில் தடுமாறினால் கேட்க ஆளில்லை. அதைப் பிழை விடக்கூடிய வயதில், பிழை விடக்கூடிய இடத்தில் படித்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை கேட்டால் இதே பதிலைச் சொல்வேனா தெரியாது. சிங்களம் ஏற்கெனவே சரளமென்றால், நான் யோசிக்காமல் கொக்குவிலுக்குப் போயிருப்பேன்.

முதல் வரியில் கொழும்பு என்று அம்மம்மாவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, அப்ப லீவுக்கு வா. முருங்கை காய்க்கேக்க வா." அம்மா இரண்டு நாள் என்னுடன் சரியாகக் கதைக்கவில்லை. அதை நான் சரியென்று வாதாடவும் இல்லை, இன்றைக்கும் அந்தக் கணக்கு தீரவில்லை.

விண்ணப்பம் போட்ட கதை சின்னது. ஆன்லைனில் நிரப்பி, காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் அச்செடுத்தேன். கடைக்காரப் பெடியன் தாளை நீட்டியபோதுதான் முதல் இரண்டு வரியையும் விரலால் தடவிப் பார்த்தேன். மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கம். பல்கலைக்கழகத்துக்குக் கடைசி எழுத்து மட்டும் மாறும். ஓரெழுத்தில் ஐந்து வருடம் ஊர் மாறிவிடும். ஆணைக்குழுவின் ஹான்ட்புக்கைப் பக்கத்தில் வைத்து மூன்று முறை சரிபார்த்தேன், அப்பா நான்காவது முறை பார்த்தார். பிறகு பதிவுத் தபால். அது போய்ச் சேர வேண்டிய ஆணைக்குழு இருக்கும் வார்ட் பிளேஸ் வீதி, கொழும்புப் பீடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ரசீது இன்னும் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கிறது.

தெரிவு வந்தது, பதிந்தேன், 154ஆம் இலக்க பஸ்ஸில் பொரளைக்குப் போய் வரத் தொடங்கினேன். முதல் இரண்டு வருடமும் மொழி ஒரு பிரச்சினையே இல்லை. உடற்கூற்று மேசையில் யாரும் கதைப்பதில்லை. இழைமணியை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் அப்போதைய பாடு.

வார்ட்டுக்குப் போன முதல் மாதம், நினைத்த மாதிரியே தடுமாறினேன். என் கோட் பையில் ஒரு சின்னக் கொப்பி. இடப்பக்கம் சிங்களம்: கெக்கும (நோவு), கஸ்ஸ (இருமல்), 'கொச்சர கல்த' (எவ்வளவு காலமாக). என் பட்ச்மேட், குருநாகல்காரி, ஒவ்வொரு நாளும் திருத்துவாள். பதிலுக்கு வலப்பக்கத்துத் தமிழை அவள் படிக்கிறாள். அவளுக்கு 'ஓங்காளம்' வாயில் நுழைய ஒரு கிழமை எடுத்தது.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு அனுப்பப்படும் நோயாளிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரமாவது யாராவது வந்து, "தெமல தன்ன கெனெக் இன்னவத?" என்று கேட்பார்கள். தமிழ் தெரிந்த ஆள் நான். போன மாதம் தாதி ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு போன கட்டிலில், நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு அம்மா. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். "என்ன செய்யுதம்மா?" என்றேன்.

"நெஞ்சு கரிக்குதுங்க, மிஸ்."

கரிக்குது. கொப்பியின் இரண்டு பக்கத்திலும் அது இல்லை. தெரியாது என்று தலையாட்டினேன். இந்த முறை 'ஹரி' சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு, வயிற்றுக்கு மேலிருந்து தொண்டைவரை விரலால் ஒரு கோடு இழுத்து, "சாப்ட்ட பொறகு, நெருப்பு மாதிரி" என்றார்.

என்ன சொல்கிறார் என்று தாதி என்னைப் பார்த்தார். "மொகத கியன்னே?"

"பபுவ தனவா" என்றேன். நெஞ்சு எரிகிறது.