விற்பனைக்கு முன்: 1951 ஷெவர்லே 3100 பிக்கப், ஷெட் நாட்குறிப்பு

மார்ச் 4

வண்டி உள்ளே வந்தது. ஷெவர்லே 3100, அரை டன், 116 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவேயான தூரம்). 1947 கோடையில் அறிமுகமாகி 1955 தொடக்கம் வரை ஓடிய 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை. ஃபாரஸ்டர் கிரீன் பெயின்ட், பளபளப்பு அபாரம். பளபளப்பை நம்பி இந்த வண்டியை வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது.

கதவில் முக்கோணக் கண்ணாடி இருந்தால் 1951 அல்லது அதற்குப் பின். அமுக்கும் பட்டன் கைப்பிடி 1952 மாடலில் வந்தது. இதில் முக்கோணக் கண்ணாடியும் திருகும் கைப்பிடியும் சேர்ந்திருப்பதால் 1951 என்று படுகிறது. ஆனால் கதவு கழற்றி மாட்டக்கூடிய சாமான். அதனால் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டைப் பார்த்தோம். எண் '3ஜேபிஎஃப்' என்று தொடங்குகிறது: 3 செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை, ஜே 1951, பி அரை டன், எஃப் ஜூன் மாதம்.

உரிமைப் பத்திரத்திலும் அதே எண். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் என்ஜின் எண்ணை வைத்தே பத்திரம் கொடுத்துவிட்டன. என்ஜின் மாறிய வண்டிகளில் பேப்பருக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தச் சிக்கல் இதில் இல்லை.

மார்ச் 5

இன்று முழுக்கத் துரு வேட்டை.

முதலில் கேபினின் பின்கீழ் மூலைகள். உள்தகடு, வெளித்தகடு என்று இரண்டு அடுக்கு. நடுவில் மண் தங்கி ஈரம் காயாமல் உள்ளிருந்தே அரிக்கும். அவசர வேலைக்காரர்கள் அழுகிய உள்தகட்டை அப்படியே விட்டு, மேலே புதுத் தகடு ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். இரண்டு வருடத்தில் கொப்புளம் வரும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரில் இடது மூலை 230 மைக்ரான், வலது 260. மறுபெயின்ட் அடித்த வண்டிக்கு இது நியாயமான கணக்கு. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. வலது முன் மட்கார்டின் பின்கீழ் நுனியில் 900 காட்டியது. உள்ளங்கை அளவு இடம். விளம்பரத்தில் அப்படியே எழுத வேண்டும்.

அடுத்து கேபின் மவுண்டுகள். பின்பக்கம் கேபினைத் தாங்குவது சேஸோடு இணைந்த ஆடும் கொக்கிகள். அவை இறுகிப்போனால் சேஸ் முறுக்கம் முழுவதும் கேபின் தரையில் இறங்கி, கதவு இடைவெளி கோணலாகும். இதில் நன்றாக ஆடுகின்றன. கால் வைக்கும் தரையைத் தட்டிப் பார்த்தால் எங்கும் மொத்தை ஒலி இல்லை. கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பெயின்டர் அடைத்திருந்தார். கம்பி விட்டுத் திறந்தாயிற்று. திறக்காமல் விட்டால் முதல் மழையிலேயே துரு தொடங்கிவிடும்.

பின்பாடிப் பலகை ஓக், வார்னிஷ் பூச்சு. அழகுதான், ஆனால் தொழிற்சாலையில் போட்டது பைன். 'ஒரிஜினல்' என்று எழுத முடியாது.

மார்ச் 7

என்ஜின் 216 கன அங்குலம், வரிசை ஆறு சிலிண்டர். இதைக் கழற்றிவிட்டு 235 கன அங்குல என்ஜின் ஏற்றிய வண்டிகள் ஏராளம். பிளக் பக்கத்து தகட்டு மூடியைப் பார்த்தால் போதும்: 216-இல் அது உயரமாக ஹெட் வரை ஏறி, பிளக்குகள் அதன் ஊடே வரும். பிந்தைய 235-இல் பிளாக்கோடு நின்றுவிடும்.

வாங்க வருபவர்கள் பயப்படுவது ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்து. மீட்டரே 30 வரைதான். சூடான என்ஜின் ஓட்டத்தில் 14 பவுண்டு காட்டினால் நலம். ஐடிலில் இன்னும் இறங்கும். கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு முழு பிரஷர் போவதில்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, சம்பில் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் பாத்திரம்) உள்ள சிறு தொட்டியிலிருந்து ஆயிலை அள்ளிக் கொடுக்கிறது. பேரிங் பாபிட் என்ற மென் உலோகக் கலவையின் வார்ப்பு. தேய்ந்தால் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து இறுக்கலாம், ஆனால் நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டினால் தாங்காது. 235 ஏற்றிவிட்டுப் பழைய 30 மீட்டரையே வைத்திருந்தால் முள் கடைசியில் போய் முட்டி நிற்கும். அதுவும் ஓர் அடையாளம்தான்.

சூட்டில் வால்வ் இடைவெளி: இன்டேக் 0.006 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.013. நாலாவது எக்ஸாஸ்ட் இறுக்கமாக இருந்தது, சரி செய்தோம். 'டிக் டிக்' சத்தம் பிடிக்காமல் இடைவெளியைக் குறைப்பவர்கள்தான் வால்வைக் கருக்குகிறார்கள். கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்.

மார்ச் 8

ரோச்செஸ்டர் 'பி' கார்புரேட்டர். மேல்மூடி வளைந்து காற்று இழுப்பது இதன் பழைய வியாதி. ஸ்க்ரூவை மேலும் மேலும் இறுக்குவதால் வருவது. கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தோம், ஆடவில்லை.

மார்ச் 11

சூடானதும் செல்ஃப் இழுவையாகச் சுற்றுகிறது. பேட்டரி புதுசு. இது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைப் போல் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். யாரோ கடையில் கிடைத்த மெல்லிய 12 வோல்ட் கேபிளைப் போட்டிருக்கிறார்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைக்கும் செல்ஃப் முனைக்கும் நடுவே 0.9 வோல்ட் விழுந்தது. ஏறக்குறைய ஆறில் ஒன்று வழியிலேயே போனால் என்ன மிஞ்சும்? 2/0 கன கேபிள் இரண்டு போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினோம். இப்போது 0.15. பெடலை மிதித்ததும் பிடிக்கிறது. (ஆமாம், செல்ஃப் சுவிட்ச் காலில், ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில்.)

டைனமோ சார்ஜிங் 7.2 வோல்ட். சரி.

மார்ச் 12

பிரேக். 1950 வரை அரை டன்னில் ஹக் வகை பிரேக், 1951-இல் பென்டிக்ஸ் வகை வந்தது. பார்ட்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது இதில்தான் குழப்பம், டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். பென்டிக்ஸில் குட்டை லைனிங் உள்ள ஷூ முன்பக்கம் வர வேண்டும். இடது முன் வீலில் மாறி இருந்தது; பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுத்ததன் காரணம் அதுதான்.

மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடித் தரைக்குக் கீழே. ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு வீலிலும் பிரேக் போய்விடும். ரப்பர் ஹோஸ் மூன்றையும் மாற்றினோம். பெடலில் கொஞ்சம் சும்மா இடம் விடாவிட்டால் சிலிண்டரின் சின்ன துவாரம் மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மார்ச் 14

ஓட்டம். முன் வீலைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினோம், கிங் பின்னில் (முன் வீல் திரும்பும் அச்சு) தளர்வு இல்லை. பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் கியர் ஆயில் நிரப்பும் மட்டத்துக்கு மேல் வழிந்தது: கியர் பாக்ஸ் ஆயில் டார்க் டியூப் (டிரைவ் ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்) வழியாகப் பின்னே ஓடி வந்திருக்கிறது. புஷ்ஷும் சீலும் மாற்ற வேண்டும், மாற்றாமல் விற்றால் கியர் பாக்ஸ் வறண்டு போகும்.

பின் ஆக்ஸில் விகிதம் 4.11. 55 மைலில் என்ஜின் சுமார் 2,650 சுற்று. இதற்கு மேல் ஹைவேயில் இழுக்காதீர்கள் என்று வாங்குபவரிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம். ஐந்து ஸ்பீடு கியர் பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள்; மூடிய டார்க் டியூப் என்பதால் பின் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

டயர் பக்கச் சுவரில் '2311'. 2011-இன் 23-ஆவது வாரம். டயர் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது, ரப்பர் கிழடு. மாற்றச் சொல்லியாயிற்று.

கேபினில் பெட்ரோல் வாடை. 1949 முதல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. ஃபில்லர் குழாயின் ரப்பர் இணைப்பு வெடித்திருந்தது. எத்தனால் தாங்கும் புது ரப்பர் போட்டதும் வாடை நின்றது.

மார்ச் 18

விளம்பர வாசகம் முடிந்தது. படங்களில் அடிப்பகுதிதான் அதிகம்: கேபின் மூலை உள்பக்கம், மவுண்ட், தரை. மட்கார்டு பட்டியின் மீட்டர் படமும் உண்டு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் வீடியோ, பானெட் மீது கை வைத்துக் காட்டியபடி. பின்மூலைக் கண்ணாடி இல்லாத மூன்று ஜன்னல் கேபின் என்பதை முதல் வரியிலேயே போட்டாயிற்று. ஐந்து ஜன்னல் டீலக்ஸ் கேபினுக்குத்தான் கூடுதல் விலை, இதற்கு அது கேட்கக் கூடாது.

மார்ச் 24

விலை முடிந்தது, நாளை டிரெய்லர் வருகிறது. பட்டை ஆக்ஸிலில் கட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பிராக்கெட் வளையும். டேங்கில் கால் பங்கு மட்டும். பேட்டரி எர்த் கழற்றி, டேப் சுற்றி வைத்தாயிற்று. பத்திரம், விற்பனை ரசீது, கழற்றிய பழைய ஹோஸும் கேபிளும் ஒரு பெட்டியில்.