மகனின் ஸ்பீச் ரிப்போர்ட்டை நான் படித்துப் புரிந்துகொண்டது

என் மகனுக்கு அப்போது 2 வயது 10 மாதம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண்ணில் பட்டது ஒரே வரிதான்: 'எக்ஸ்பிரசிவ் லாங்குவேஜ் ஏஜ்: 16–18 மாதம்'. அன்றிரவு தூக்கமே வரவில்லை. பிள்ளையின் அறிவே பாதி வயதில் நின்றுவிட்டது என்று அர்த்தம் செய்துகொண்டு அழுதேன்.

அதற்கு மேல்வரியில் 'ரிசெப்டிவ்: 27–30 மாதம்' என்று இருந்தது. அடுத்த முறை போனபோது தெரபிஸ்ட் அங்கேதான் விரலை வைத்தார். "இது அவன் புரிஞ்சுக்கிறது, அது அவன் பேசுறது. ரெண்டும் மொழிக்கான வயசும்மா, புத்திக்கான வயசு இல்ல." புரிந்துகொள்வதிலும் கொஞ்சம் பின்தங்கல் இருக்கிறது, ஆனால் பேசுவதில்தான் இடைவெளி பெரிது என்று பொறுமையாக விளக்கினார்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்டேன். அவர் பயன்படுத்தியது ரீல்ஸ் என்ற அளவுகோல். மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்டுத்தான் நிரப்புவார்கள். அதனால் பகலெல்லாம் அவனோடு இருக்கும் என் மாமியாரையும் கூட்டிப்போனது நல்லதாகப் போயிற்று. 'தண்ணி' என்பதற்கு 'ண்ணி' என்பான், அதையும் வார்த்தையாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர்தான் கேட்டார். ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு மட்டுமே அப்படிச் சொன்னால் அது வார்த்தைதானாம்.

நாங்கள் சொன்னதைத் தெரபிஸ்ட் நேரிலும் சரிபார்த்தார். பந்து, கரண்டி, கார் மூன்றையும் பாயில் வைத்து, கைகளை மடியில் கட்டிக்கொண்டு, பொருளைப் பார்க்காமலே "கரண்டிய எடு" என்றார். எடுத்தான். "கரண்டிய டப்பால போட்டுட்டு, பந்த அம்மாகிட்ட குடு" என்றதும் பந்து மட்டும் என்னிடம் வந்தது. வீட்டில் நாம் கைகாட்டிக்கொண்டே பேசுவதால், வார்த்தையைப் புரிந்துகொண்டானா, சைகையைப் பார்த்துச் செய்கிறானா என்பது தெரிவதில்லை. நீங்களும் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்.

காது பரிசோதனை முன்பே முடிந்திருந்தது. தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, சத்தம் கேட்கும்போது காது நரம்பிலும் மூளையிலும் எழும் அலைகளைப் பதிவு செய்யும் பெரா டெஸ்ட். இரண்டு காதிலும் 30 டெசிபெல்லில், அதாவது மெல்லிய சத்தத்திலேயே, அந்த அலைகளில் ஐந்தாவது தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது என்று பொருள். பேச்சு தாமதம் என்றாலே முதலில் காதைப் பார்த்துவிட வேண்டும்.

நாக்கு, உதடு, அண்ணம் எல்லாம் இயல்பு என்றும் ஒரு வரி இருந்தது. நாக்கு ஒட்டியிருக்கும், வெட்டிவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அதோடு நின்றது.

கடைசியில் 'புரொவிஷனல் டயக்னோசிஸ்' என்று போட்டு, பேச்சு, மொழி வளர்ச்சித் தாமதம் என்று எழுதியிருந்தார். இப்போதைக்கு வந்திருக்கும் முடிவு, பிள்ளை வளர வளர மாறலாம் என்றார். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்றும் தயங்காமல் கேட்டேன். கண் பார்த்துப் பேசுவது, விரல் நீட்டிக் காட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது மூன்றும் இருப்பதால் இப்போது சந்தேகமில்லை, ஆனால் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார்.

அப்புறம் ஒன்று. அடுத்த மதிப்பீட்டுக்கு வேறு இடம் போனாலும் பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். எந்த அளவுகோல், எந்தத் தேதி, எந்த மொழியில் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இரண்டு எண்களை ஒப்பிடவே முடியாது.