மைனஸ் வி கொடுத்தால் விழவில்லை

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பதிந்து வைத்த கேப்சர் கோப்பும், அவற்றைப் பிரித்துப் படிக்க நாங்கள் எழுதிய பிளகினும், அதை ஏற்றி ஓட்டும் டீஷார்க்கும் (வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளின் கட்டளைவரி வடிவம்) எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியேதான் இருந்தன. ஆனால் எந்தக் கணினி எதனோடு எவ்வளவு பேசியது என்று காட்டும் டிசிபி உரையாடல் அட்டவணை கேட்டு இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டால் வரும் பிழை) அடித்து விழுந்தது. அதே கோப்பை மைனஸ் வி (-V, ஒவ்வொரு பாக்கெட்டின் விவரத்தையும் விரித்துக் காட்டச் சொல்லும் தெரிவு) கொடுத்து ஓட்டினால், கடைசி பாக்கெட் வரை விரித்து அச்சிட்டுவிட்டு ஒழுங்காக முடிந்தது. பதிப்பு பொருந்தவில்லையோ என்ற முதல் சந்தேகம் வெகுநேரம் நிற்கவில்லை. பிளகின் தொகுக்கப்பட்ட பதிப்பும் டீஷார்க்கின் பதிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அதை ஏற்றும்போதே மறுத்துச் செய்தி காட்டிவிடுமே தவிர, பாதி வழியில் விழாது.

அந்த நேரத்தில், பிளகினை எழுதிய இளைய பொறியாளர் என்னிடம் வந்தார். "அண்ணா, மைனஸ் வி போட்டா விழலையே. இன்னிக்கு ராத்திரி மட்டும் அப்படியே ஓட விட்டுட்டு, கடைசியில வர்ற அட்டவணைய மட்டும் எடுத்துக்கலாமே?" என்று கேட்டார். "வேணாம்ப்பா. ஏன் விழுதுன்னு தெரியாம எதையும் ஓட விட வேண்டாம்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த ஸ்கிரிப்டை நிறுத்தி வைத்தோம். பேச்சு ஒரு நிமிடம்கூட நீண்டிருக்காது, ஆனால் என் மனம் அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பிளகின் போன்ற டிசெக்டர் என்பது கம்பியில் யார் எதை அனுப்பினாலும் அதைப் பிரித்துப் படிக்கிற நிரல். பாக்கெட்டை அனுப்பியவர் நம்மவரா, நல்லவரா என்று அதற்குத் தெரியாது. வயர்ஷார்க் குழு கேப்சர் செய்யும் வேலையை டம்ப்கேப் என்ற சிறிய நிரலுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருப்பதே, லட்சக்கணக்கான வரிகள் கொண்ட டிசெக்டர் குறியீடு ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு ஓடக் கூடாது என்பதற்காகத்தான். நினைவகத்தில் எங்கோ தவறாகக் கை வைக்கும் ஒரு பிளகினை, காரணம் அறியாமல், வாடிக்கையாளரின் சர்வரில் இரவு முழுவதும் ஆளில்லாமல் ஓட விடுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. இன்றும் அதே நிலையில், அதே அளவு விவரம் மட்டும் கையில் இருந்தால், அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் மறுநாள் தெரியவந்த காரணம் நான் அஞ்சியது போன்ற ஒன்றே அல்ல. நிரல் விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான கோர் கோப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் பேக்ட்ரேஸைப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. பாக்கெட்டின் புலங்களை அடுக்கடுக்காகக் காட்டும் விரிவான மரத்தை யாரும் கேட்காதபோது, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, டீஷார்க் டிசெக்டருக்கு மரத்தின் இடத்தில், நினைவகத்தில் எதையும் காட்டாத வெற்றுச் சுட்டியைத்தான் கொடுக்கும். உரையாடல் அட்டவணைக்கு மரம் தேவையில்லை. மைனஸ் விக்குத் தேவை. மரத்தில் உறுப்பைச் சேர்க்கும் ஃபங்ஷன்கள் வெற்றுச் சுட்டியைச் சலனமில்லாமல் வாங்கிக்கொண்டு வெற்றுச் சுட்டியையே திருப்பித் தரும் என்பதால், பெரும்பாலான பிளகின்களில் இது வெளியே தெரியாமலே போய்விடும். எங்கள் பிளகினோ திரும்பி வந்த உறுப்புக்குள் நேரடியாகப் புகுந்து, அதன் புலத் தகவலிலிருந்து செய்தியின் நீளத்தை எடுக்க முயன்றது. மரம் வெறுமையாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை, 2006-இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறுவதற்கு முந்தைய ஈத்திரியல் காலத்திலிருந்தே டிசெக்டர் எழுதுவோருக்குத் தெரிந்ததுதான்.

திருத்தமும் சிறியதுதான். நீளத்தை மரத்திடம் கேட்காமல் பாக்கெட்டிலிருந்தே நேரடியாகப் படிக்க வைத்தோம். எல்லாவற்றையும் 'மரம் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனைக்குள் அடைத்துவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் மரம் இல்லாத ஓட்டங்களில் பாக்கெட்டுக்குள் இருக்கும் அடுத்த நெறிமுறையைப் படிக்கும் உள்ளடுக்கு டிசெக்டர்கள் அழைக்கப்படாமலே போகும். விழுவது நிற்கும், ஆனால் விடை சத்தமில்லாமல் தப்பாகும். அந்த மறுப்பைப் பற்றி எனக்கு இன்றுவரை எந்தச் சந்தேகமும் இல்லை.

சந்தேகம் எல்லாம் முந்தைய இரவைப் பற்றித்தான். வெற்றுச் சுட்டியைத் தொட்டு விழும் நிரல், பொதுவாக விழுவதைத் தவிர வேறு கெடுதல் எதுவும் செய்துவிடாது. மைனஸ் வி கொடுத்து ஓட்டியிருந்தால் மெதுவாக ஓடியிருக்கும், அட்டவணை வந்திருக்கும், அது சரியாகவும் இருந்திருக்கும். அந்த அட்டவணை கையில் இல்லாததால், வாடிக்கையாளரின் இரவுப் பணிக் குழு ரவுட்டர் கவுண்டர்களை மட்டும் பார்த்து, நெரிசல் என்று எண்ணி விடியற்காலையில் போக்குவரத்தை மாற்று இணைப்புக்குத் திருப்பியது. அந்த மாற்றமே தேவைப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது. இடையில் சில கிளைகளில் இணைப்பு துண்டித்துத் துண்டித்து வந்திருக்கிறது. தெரியாததை ஓட விடக் கூடாது என்ற என் நிதானத்துக்கான விலையை, அந்த உரையாடலில் இல்லாத யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால், அந்த இளைஞர் கேட்டதே சரி என்று ஒப்புக்கொண்டு நகர்ந்திருப்பேன். ஆனால் திருத்திய பிளகினை நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் ஆட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து ஓட்டியபோது, சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில் அது அலறியது. பாக்கெட்டின் எட்டு பைட்டுகளுக்குச் சுட்டி வாங்கிவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு நீள எண்ணை அப்படியே நம்பி, எட்டைத் தாண்டியும் நிரல் படித்துக்கொண்டே போனது. சுட்டியைக் கொடுக்கும் ஃபங்ஷன் நாம் கேட்ட எட்டு பைட்டுகளுக்குத்தான் எல்லை பார்க்கும். அதன் பிறகு நாம் எங்கே கை நீட்டினாலும் தடுக்க ஆளில்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பாக்கெட் தயாரித்தால் பயன்படுத்திக்கொள்ளக் கூடிய ஓட்டை இது. மைனஸ் வி கொடுத்து ஓட்டியிருந்தாலும் இது அங்கேயே இருந்திருக்கும். ஏன், அதற்கு முந்தைய மாதங்களிலும் இருந்துகொண்டுதான் இருந்தது.

குழுத் தலைவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "பாருங்க, நீங்க நிறுத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு அது நெருடியது. நான் அன்று நிறுத்தியது அந்த ஓட்டையை அறிந்து அல்ல. அறியாமல் இருந்த ஒன்று பிறகு வந்து எனக்காகச் சாட்சி சொல்வதை என் தீர்ப்பின் சிறப்பாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆயினும், காரணம் தெரியாத விழுகையின் பின்னால் இப்படி ஏதாவது இருக்கக்கூடும் என்ற அச்சத்தில்தானே நிறுத்தினேன் என்று இன்னொரு பக்கம் மனம் வாதாடுகிறது. அந்த இளைஞர் அதன் பிறகு இடைக்கால வழி எதையும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. கோர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டே வருகிறார். அதை அவர் கற்றுக்கொண்டார் என்று சொல்வதா, என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார் என்று சொல்வதா என்பது எனக்குப் பிடிபடவில்லை.

சம்பவ அறிக்கையில், இரவு ஓட்டம் நிறுத்தப்பட்டதற்கான காரணமாகத் தலைவர் 'பாதுகாப்புக் குறைபாடு' என்று எழுதியிருந்தார். அந்த இரவில் அப்படி ஒரு குறைபாடு யாருக்கும் தெரியாது, 'காரணம் அறியப்படவில்லை' என்று மாற்றுங்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் படிக்கிற அறிக்கை, முதலில் இருப்பதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.